கை கேட்கவில்லை

போன ஞாயிறு காலை, எங்கள் மலையூர் தானா ராத்தாவில் என் வீட்டு வாசலில் பாக்கியம் அக்கா வந்து நின்றார். புதுச் சுடிதார், புது ஷூ, கையில் காலி டிபன் பாக்ஸ்.

"கியா பார்ம் போலாம், வா. அங்க ஸ்ட்ராபெர்ரிய நாமளே பறிக்கலாமாம் லா!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தேயிலை எஸ்டேட்டில், மெஷின் ஏற முடியாத சரிவில், இருபத்தைந்து வருடமாகக் கையால் கொழுந்து பறிப்பவர் அவர். வாரம் ஆறு நாள் பறித்துவிட்டு, ஏழாவது நாள் காசு கொடுத்துப் பறிக்கப் போகிறாரா?

கேட்டே விட்டேன். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"இத்தன வருஷமா பறிச்சதெல்லாம் லோரி ஏறிப் போச்சு. ஒரு தடவையாச்சும் நான் பறிச்சத நான் திங்கணும். அவ்ளோதான்."

உடனே காரை எடுத்தேன்.

பண்ணையில் ஆளுக்கொரு கூடை. டூரிஸ்டுகள் ஒரு பழம், நாலு செல்ஃபி என்று நகர்ந்துகொண்டிருந்தார்கள். அக்கா? இரண்டு கையும் பறந்தன... பத்தே நிமிடத்தில் கூடை நிறைந்துவிட்டது. பெருமையோடு கொண்டுபோய்க் காட்டினார்.

பண்ணைப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஐயோ அக்கா, எல்லாம் காய் லா! பழத்த அப்படியே விட்டுட்டீங்களே!"

வெள்ளையும் பச்சையுமாகப் பிஞ்சுகள். ஒரு சிவப்புகூட இல்லை. இளசாகப் பார்த்துக் கிள்ளு, முற்றியதை விடு — தேயிலைக்கு அதுதானே சட்டம்? கண் வேடிக்கை பார்த்த நேரத்தில், கை தனக்குப் பழகியதைச் செய்துவிட்டது.

அக்காவின் கண் கலங்கியது. "என் கை என் பேச்சையே கேக்க மாட்டேங்குது, பாரேன்."

காலையில் சிரித்ததற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பறித்ததை வாங்கித்தான் ஆக வேண்டுமாம். வாங்கினோம். அக்கா இன்னொரு கூடை கேட்டார். இந்த முறை இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒவ்வொரு பழத்தின் முன்னும் நின்றார், திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், பிறகுதான் பறித்தார். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு பழம். அவசரப்படுத்தக் கங்காணி யாரும் இல்லை.

வெளியே குழாயில் கழுவி, டிபன் பாக்ஸில் போட்டுத் தின்றோம்.

"புளிக்குதுக்கா."

"எனக்கு இனிக்குது லா!"

காசு கொடுத்து அனுபவம் வாங்குகிறவர்களை இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் எத்தனையோ முறை கிண்டலடித்திருக்கிறேன். இன்று வாபஸ். மலை ஏறிக் குதிப்பதுதான் சாகசமா என்ன? சிலருக்கு மெதுவாகப் பறிப்பதே பெரிய சாகசம்.

அந்தக் காய்கள் என்னவாயின என்கிறீர்களா? ஊறுகாயாகி, ஒரு பாட்டில் என் வீட்டுக்கு வந்திருக்கிறது. எந்தக் கடையிலும் கிடைக்காது — கேட்டு வந்துவிடாதீர்கள், தர மாட்டேன்!