ஐம்பத்தைந்து கிரேன்

போன சனிக்கிழமை குசினியில் பயற்றங்காய் முறித்துக்கொண்டு நின்றேன். மகள் கைபேசியை நீட்டினாள்.

"அம்மா, அப்பாவின்ர துவக்கை வாங்கின கிரேக். உங்களோடதான் கதைக்க வேணுமாம்."

இவர் காலமாகி மூன்று வருடமாகிறது. ஞாயிறு ஞாயிறாக இவரோடு குறிபார்த்துச் சுட்ட துவக்குச் சங்கத்துக்காரர் இப்போது யாரும் எங்களுக்கு அழைப்பதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். கிரேக் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள். துவக்கோடு இவர் கைப்பட எழுதிய துண்டும் கிரேக்கிடம் இருக்கிறதாம். வெடிமருந்து ஐம்பத்தைந்து கிரேன் (கிரேன் என்பது மருந்து அளக்கிற சின்ன நிறை), ஈயக்குண்டு இன்ன அளவு, துணி கோடு போட்ட தலையணைத் துணி. அப்படியே போட்டுச் சுட்டும் தாளில் துளைகள் கொப்பளிப்பான் போட்ட முகம் மாதிரிச் சிதறிக் கிடக்கின்றனவாம். சங்கத்தில் ஒருவர், அந்த மனிசன் சும்மா பெருமைக்கு எழுதி வைத்தது என்றும் சொல்லிவிட்டாராம்.

எனக்கு அந்தக் கடைசிச் சொல்தான் சுட்டது. இவர் பெருமை பேசுவார், இல்லையென்று சொல்ல மாட்டேன். பொய் எழுதுகிறவர் இல்லை. ஆனால் அந்தத் துண்டில் ஒரு விஷயம் குறைகிறது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். இவருக்கே தெரியாது.

முதலில் அந்தத் துவக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வன்னியில் இடியன் துவக்கு என்போமே, அதன் வெள்ளைக்காரச் சித்தப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். குழலின் வாய்வழியாகக் கறுப்பு மருந்தைக் கொட்டி, எண்ணெய் தடவிய ஒரு துண்டுத் துணியில் ஈயக்குண்டைப் பொதிந்து, கோலால் அடிவரை இறக்க வேண்டும். பிறகு பின்பக்கத்தில் செம்புத் தொப்பி ஒன்றை மாட்ட வேண்டும், மிளகு அளவுதான் இருக்கும். விசையை இழுத்து, குதிரை என்கிற சின்னச் சுத்தியல் அதன்மேல் விழுந்தால் தொப்பி வெடிக்கும், மருந்து பற்றும், குண்டு போகும். அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு வாய்ருசி உண்டு. மருந்து இவ்வளவு, குண்டு இவ்வளவு, துணி இவ்வளவு தடிப்பு என்று அதற்குப் பிடித்ததைக் கண்டுபிடிக்கும்வரை அது சொன்ன இடத்தில் சுடாது. சமையல் மாதிரித்தான். ஒருத்தி வீட்டு உப்பு இன்னொருத்தி வீட்டுக்குச் சரிவராது.

இவர் இந்த நாட்டுக்கு வந்து லிட்கம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி மடித்தவர். வேலையை விட்ட பிறகு எங்கள் டூங்கபி வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். சத்தத்தைக்கூடக் கூட்ட மாட்டார். சாப்பாடு எப்படி என்று கேட்டால் "ம்". அவ்வளவுதான் கதை. பக்கத்து வீட்டுக் கென் என்ற கிழவர்தான் பரிதாபப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைப்பக்கத்துச் சுடுதிடலுக்குக் கூட்டிப் போனார். பின்னேரம் வந்த மனிசன் விரலெல்லாம் கறுப்பு, உடுப்பெல்லாம் கந்தக மணம், வாய் மூடவில்லை! ஒரு வருடத்துக் கதையை அன்றைக்கே கதைத்துவிட்டார். லைசென்ஸ் எடுத்தார், துவக்கு வாங்கினார், தோய்க்கும் அறைச் சுவரில் இரும்புப் பெட்டி பூட்டினார்.

எனக்குப் பிடிக்கவில்லை.

"வெடிச்சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்து, இஞ்ச ஞாயிறு ஞாயிறா நாங்களே வெடி வைக்கிறதே?" என்று கேட்டேன்.

"இது ஆரையும் கொல்லாத வெடியப்பா. தாளுக்குத்தான்."

"அந்தத் தாளிலயாவது படுகுதே?"

படும், ஆனால் சொன்ன இடத்தில் படாது. அதுதான் வேடிக்கை. நாற்பது கிரேனில் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டிப் பார்த்தார். ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து வெடி, புதுத் தாள். நானும் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு கூடப் போவேன். காதில் அடைப்பானை மாட்டிக்கொண்டு மடிப்புக் கதிரையில் இருப்பேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ஆனால் என் இலக்கம் முத்து முத்தாக இருக்கும். அதனால் தாளின் பின்பக்கத்தில் கிரேன் கணக்கு எழுதுவது என் வேலை. நாற்பத்தைந்து, ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது. எல்லாத் தாளும் ஒரே சிதறல்தான்.

ஒருநாள் தேத்தண்ணி குடித்த சில்வர்ப் பேணியைத் தாளின் மேல் கவிழ்த்தேன். "இஞ்சாருங்கோ, தீபாவளிக்கு முன்னம் அஞ்சு துளையும் இந்தப் பேணி வாய்க்குள்ள வரவேணும். வராட்டித் துவக்கை வித்துப்போட வேணும். சரியோ?"

பேணியின் வாயை விரலால் அளந்தார். பிறகு "சரி" என்றார். வாக்குக் கொடுத்தால் மாறாத மனிசன். எனக்குள்ளே ஒரே சந்தோஷம்.

துணிக்கும் நான்தான் பொறுப்பு. புதுத் துணியில் ஆலைக்காரர் போட்ட மொரமொரப்பு இருக்கும், நன்றாகத் தோய்த்துத் தரச் சொல்லுங்கள் என்று கென் சொல்லிவிட்டிருந்தார். தோய்த்தேன். தோய்த்த பருத்தித் துணியை நான் எப்போதாவது கஞ்சி போடாமல் விட்டிருக்கிறேனா? எங்கள் வீட்டுத் தலையணை உறையைத் தட்டினால் பப்படம் மாதிரிச் சத்தம் கேட்கும். சோறு வடித்த கஞ்சியில் முக்கி, காய வைத்து, ஸ்திரிக்கை போட்டு, சில்லுச் சில்லாக வெட்டி டின்னில் அடுக்கிக் கொடுத்தேன். வெள்ளைக்காரருக்கு முன்னால் இவர் கசங்கின துணியோடு நிற்பதா?

தீபாவளிக்கு இரண்டு கிழமை இருந்தது. சிவப்புக் கொடி ஏற்றி எல்லாரும் துவக்கைக் கீழே வைத்த நேரம், இவர் தாள் எடுக்கப் போனார். நான் காலாற நடந்தேன். சுட்ட துணிகள் முன்னால் புல்லில் கிடந்தன. கென்னுடையவை முழுதாக, நடுவில் மட்டும் பொட்டு மாதிரிக் கறுப்பு வளையத்தோடு. இவருடையவை கிழிந்து, கருகி, ஸ்திரிக்கை போட்ட மடிப்போடு வெடித்துக் கிடந்தன. ஒன்றை எடுத்து மணந்தேன். கந்தகத்துக்கு அடியில் இன்னொரு மணம். பானையில் அடிப்பிடித்த சோற்று மணம்.

புல்லிலேயே குந்திவிட்டேன். குண்டைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய துணி, என் கஞ்சியால் குழலுக்குள்ளேயே நொறுங்கிப் போகிறது. மனிசன் மாதக்கணக்காக மருந்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார், தன் கண்ணைக் குறை சொல்கிறார். குற்றம் என் பானையில்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் துவக்குப் போய்விடும். நான் கேட்டதும் அதுதானே? ஆனால் தாளோடு திரும்பி வந்த முகத்தைப் பார்த்தேன். "இதுவும் சரிவரேல்லையப்பா" என்றார். குரல் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்த ஆளின் குரல். அந்த ஆளை நான் மறுபடி வீட்டுக்குக் கூட்டிப்போக விரும்பவில்லை.

சொன்னேனா? இல்லை. கஞ்சி போடத் தெரியாதவள் என்று பெயர் எடுத்தாலும் பரவாயில்லை, போடக்கூடாத இடத்தில் போட்டவள் என்று எப்படிச் சொல்வது? கிழிசல்களைப் பொறுக்கிக் கைப்பைக்குள் போட்டேன். அந்தக் கிழமை துணியைச் சுடுதண்ணியில் மூன்று தரம் அலசி, கஞ்சி காட்டாமல், வெட்டிக் கொடுத்தேன்.

"என்ன, துணி துவண்டு கிடக்கு?"

"வெயில் காணாது."

அடுத்த ஞாயிறு ஐம்பத்தைந்து கிரேன் போட்டார். ஐந்து துளையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. பேணியே வேண்டாம், அதன் அடியே மூடியது. அந்த மனிசன் குதித்த குதி!

"பாத்தியே! அம்பத்தைஞ்சு! நான் அப்பவே நினைச்சனான்!"

"முந்தியும் அம்பத்தைஞ்சு போட்டனீங்களெல்லே?"

"அண்டைக்குக் காத்து."

"ஓம்" என்றேன்.

அதன் பிறகு பத்து வருடம். கலியாண வீடு, கோயில், டாக்டர் வீட்டுக் கதிரை, எங்கேயும் ஐம்பத்தைந்து கிரேன் கதை வரும். கேட்கிறவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் ஓம் என்பேன். கடைசியாக இவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். நர்ஸ் பிள்ளைக்கு இவர் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

போன சனிக்கிழமைதான் சொன்னேன்.

"துணியைத் தோய்ச்சவரோ எண்டு கேள்."

"இல்லையாம் அம்மா. கடையிலயிருந்து வந்தபடியாம்."

"சுடுதண்ணியில மூண்டு தரம் அலசச் சொல்லு. கஞ்சி கிஞ்சி ஒண்டும் இருக்கக்கூடாது. அந்த மனிசன் எழுதினது சரி. எழுதாமல் விட்டது என்ர பிழை எண்டும் சொல்லு."

மகள் கஞ்சிக்கு ஆங்கிலம் தேடிச் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பாவுக்குத் தெரியுமோ?"

"பயற்றங்காயை எடு" என்றேன்.

நேற்றுக் கிரேக்கிடமிருந்து தாளின் படம் வந்தது. ஐந்து துளையும் ஒரே இடத்தில். சங்கத்தில் எல்லாருக்கும் காட்டினாராம்.

கென் எப்போதோ போய்விட்டார். சோறு இப்போது மின்சாரச் சட்டியில் அவிகிறது, கஞ்சி வடிப்பதே இல்லை. தலையணை உறைகள் துவண்டுதான் கிடக்கின்றன. தோய்க்கும் அறைச் சுவரில் இரும்புப் பெட்டி இருந்த இடத்தில் நாலு துளை மட்டும் மிச்சம். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவருக்கு முன்னால் நின்றேன். பாத்தியே என்று கேட்க ஆளில்லை. நானாகவே ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.