கொட்டாமல் விட்ட தண்ணீர்

மட்டாஞ்சேரியில் மீன் வீட்டுக்குள் வந்தும் குழம்பில் சேராமல் இருந்தது எங்கள் வீட்டில்தான். பாலக்காட்டிலிருந்து வந்து குடியேறிய சைவக் குடும்பம். சித்தப்பா கூடத்தில் கண்ணாடித் தொட்டியை வைத்தபோது பெரியம்மா ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தொட்டியில் இருந்தது ஒரே ஜோடி. கிரிபென்சிஸ் என்று பெயர், மேற்கு ஆப்பிரிக்காவின் ஆற்று மீன் என்று சித்தப்பா சொல்லிக்கொடுத்தார். பெரியம்மாவுக்கு அவை ஆப்பிரிக்காக்காரனும் ஆப்பிரிக்காக்காரியும். எங்கள் கிணற்றில் உப்பு, குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை. ஆகவே ஓட்டிலிருந்து விழும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து, தெளியவைத்து, துணியில் வடிகட்டித்தான் தொட்டியில் ஊற்றுவார். கை கழுவக்கூட அதில் ஒரு செம்பு தரமாட்டார். தண்ணீர் மாறினால் மீன் தாங்காது என்பார்.

அந்த மழைக்காலத்தில் அத்தை பிரசவத்துக்கு வந்திருந்தாள். பொழுது போகாமல் தொட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருப்பாள். பெண் மீனின் வயிறு குங்குமமாகச் சிவந்ததை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான். சித்தப்பா கவிழ்த்து வைத்த தேங்காய்ச் சிரட்டைக்குள் அது முட்டையிட்டது. அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்ததும், சிரட்டையிலிருந்து குட்டிகள் வெளியே வந்ததும் ஏறக்குறைய ஒன்றாக நடந்தன. பிரசவ அறையைவிட்டு அவள் வரக்கூடாது. குழந்தைக்குப் பால் கொடுத்தபடியே குட்டிகளைப் பற்றி விசாரிப்பாள். நான்தான் வாசலில் நின்று செய்தி சொல்வேன். தூசி மாதிரி இருக்கின்றன, தாயின் பின்னாலேயே போகின்றன, யாருடைய நிழலாவது விழுந்தால் தாய் துடுப்பை அசைக்கிறது, உடனே எல்லாம் மணலில் படுத்துவிடுகின்றன. அத்தை இதையே திரும்பத் திரும்பக் கேட்பாள்.

பெயர் வைப்பதற்குள் குழந்தை போய்விட்டது. காலையில் காய்ச்சல் என்றார்கள். மத்தியானம் யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் வெள்ளைத் துணியில் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்கள்.

சாவு நடந்த வீட்டில் பிடித்து வைத்த தண்ணீர் இருக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். பெரியம்மா அழுதுகொண்டே குடங்களைக் கவிழ்த்தாள், அண்டாவைச் சாய்த்தாள். சித்தப்பா சேர்த்த மழைத் தண்ணீர் முற்றத்தில் ஓடியது. பிறகு வாளியும் குவளையுமாகக் கூடத்துக்கு வந்து தொட்டியின் மூடியைத் திறந்தாள். குட்டிகள் மணலில் படுத்துவிட்டன. பெரியம்மாவை எதிர்த்துப் பேசும் தைரியம் எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கே கிடையாது.

அத்தை அறையைவிட்டு வெளியே வந்தாள்.

“வேண்டாம் மன்னி. அதிலெ குட்டிகள் இருக்கு.”

“தீட்டு ஜலமாக்கும்டீ. வெச்சுக்கப்படாது.”

“தீட்டெல்லாம் எனக்கு. அதுகளோட அம்மா அங்கதானே இருக்கா.”

பெரியம்மா குவளையைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அத்தை தொட்டியை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். குட்டிகளைக் காப்பாற்றிக் கொடுத்தாளே என்ற சந்தோஷத்தில் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவள் புடவை மார்பில் நனைந்திருப்பதைப் பார்த்தேன். ஈரம் பரவிக்கொண்டே இருந்தது. தொட்டி ஒழுகுகிறது என்று பயந்து, கண்ணாடியின் மூலைகளை விரலால் தடவிப் பார்த்தேன். எங்கும் ஈரம் இல்லை; கண்ணுக்குத் தெரியாத விரிசலாக இருக்கும் என்று நினைத்தேன்.

சித்தப்பா குளித்து, ஈர வேட்டியோடு உள்ளே வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன். “தொட்டி ஒழுகறது சித்தப்பா. அத்தையோட புடவை பூரா நனைஞ்சுடுத்து.”

அவர் அத்தையைப் பார்த்தார். என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தனை குட்டிகள் உள்ளே இருக்கும்போது இவருக்கு ஏன் அக்கறையே இல்லை என்று எனக்கு அவர்மேல் வெகுநாள் கோபம் இருந்தது.