விரிசல் விட்ட கண்ணாடி

புனே பக்கத்துச் சிஞ்ச்வட்டில் ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்புக்கு ஆங்கில இலக்கணம் நடத்த பாக்கியவதி டீச்சருக்கு ஒரு விரிசல் விட்ட ஜன்னல் கண்ணாடி போதும். 'உடைந்திருக்கிறது' என்றால் அது கண்ணாடியின் நிலைமை. 'உடைக்கப்பட்டது' என்றால் எவனோ ஒருவனின் கைவரிசை. "யாரால்?" என்று கேட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கிவிடும் என்பார். அதற்காகவே பதினொரு வருடமாக அந்த ஜன்னலில் யாரையும் கைவைக்க விடவில்லை.

2003 கோடை விடுமுறையில், புதிதாக வந்த தலைமையாசிரியர் கண்ணாடியை மாற்றிவிட்டார். டீச்சர் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஒரு கண்ணாடிக்குப் போயி இவ்வளவு கோவமா?" என்றார் கணவர் ஜோசப்ராஜ்.

"நூறு தடவ சொன்னாலும் ஏறாதது, ஒரு தடவ காட்டினா ஏறும். உங்களுக்கு எங்க புரியப் போவுது!"

பள்ளி திறந்த மூன்றாம் நாள், மைதானத்திலிருந்து பறந்து வந்த கிரிக்கெட் பந்து புதுக் கண்ணாடியைப் பதம் பார்த்தது. பந்தின் மேல் சொந்தக்காரியின் பெயர் எழுதியிருந்தது. தலைமையாசிரியர் ஓடிவருவதற்குள் டீச்சர் அதைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார்.

"யார் வேலை இது?" என்று தலைமையாசிரியர் கத்தினார்.

"தெரியாது சார். உடைந்திருக்கிறது, அவ்வளவுதான்" என்று ஆங்கிலத்தில் சொன்ன டீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டு சாக்பீஸை எடுத்தார்.