வாளிக்குள் கணவாய் முட்டைகள்

கணவாய் மீன் நிழலுக்குத்தான் ஒதுங்கும், முட்டையிட வராது என்று குளச்சலில் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சாதித்துக்கொண்டிருந்த வருடம் நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். பெரியவர்கள் சேர்ந்து சொன்னால் பொய்யும் ஜெபம் மாதிரிதான் கேட்கும்.

தேங்காய் பறித்தபின் மிஞ்சும் குலைக்காம்புகளைக் கொத்தாகக் கட்டி, மணல்மூட்டை கோர்த்துக் கடலில் தாழ்த்துவார்கள். அதைத் தேடி வரும் கணவாயைத் தூண்டிலில் பிடிப்பார்கள். இதற்காக எங்கள் படகுகள் மலபார்க் கரைவரை போய் இருபது நாள் தங்கும். அங்குள்ளவர்களோ, இது எங்கள் கடல், சினைக் கணவாயைப் பிடித்து வம்சத்தையே அழிக்கிறீர்கள் என்று கயிறுகளை அறுத்தார்கள். கடலுக்கு ஏது வேலி என்றார்கள் எங்கள் ஆட்கள்.

அப்படி ஒரு சண்டையில் அவசரமாக இழுத்து ஏற்றிய கொத்திலிருந்து ஒரு காம்பை ஒடித்து, கடல்தண்ணீர் வாளியில் போட்டு அப்பா எனக்குக் கொண்டுவந்தார். நுங்கைச் சின்னதாக நறுக்கி ஒட்டிவைத்ததுபோல் அதில் முட்டைகள். வேளைக்கு வேளை நான் தண்ணீர் மாற்றினேன். பள்ளிப் பாடத்தில் அந்தக் கவனம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

மலபாரிலிருந்து நான்கு பேர் மாதா கோயில் மண்டபத்துக்குப் பேச வந்த அன்றுதான், ஒரு முட்டைக்குள் கறுப்பாக இரண்டு கண்கள் அசைவதைப் பார்த்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கே ஓடினேன்.

"அப்பா, முட்டைக்குள்ள கணவாக் குட்டி அனங்குது!"

அப்பா போகும் படகுக்குச் சொந்தக்காரரான மாமா, அம்மாவின் அண்ணன், எழுந்து வந்தார்.

"ஏட்டி, அதத் தூக்கிட்டு வெளிய போ! கரையில கிடந்தத எல்லாம் பெறக்கிட்டு வாறா."

வந்தவர்களில் வயதானவர் வாளிக்குள் குனிந்து பார்த்துவிட்டு, இது யாருடையது என்று மலையாளத்தில் கேட்டார். கரையில் கிடந்தது என்று அப்பாவும் சொல்லியிருக்கலாம். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"எங்க கொத்துல இருந்ததுதான். அது முட்டை போடத்தான் வருது. நாங்க தாயப் பிடிக்கோம்."

"எல்லாருக்க சோத்துலயும் மண்ண அள்ளிப் போட்டீரே, மச்சான்" என்றார் மாமா. அதற்குப்பின் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

முட்டையிடும் மாதங்களில் அந்தக் கடலில் கொத்து தாழ்த்துவதில்லை என்று அன்று முடிவானது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அப்பா அந்தக் காம்பை விட்டுவந்தார். குட்டிகள் பிழைத்தனவா என்று தெரியாது.

மாமா அப்பாவைத் தொழிலுக்குக் கூப்பிடவில்லை. மற்றப் படகுக்காரர்களும் கூப்பிடவில்லை. கொஞ்ச நாளில் அப்பா காலையில் தக்கலை பஸ் ஏறி, அங்கிருந்து குலசேகரம் போய், ரப்பர் ஷீட் சுமக்கும் வேலைக்குச் சேர்ந்தார். வலை இழுத்த கையில் ரப்பர்பால் நாற்றம் அடித்தது. சாப்பிடும்போது கடல் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்தார்.

எனக்கானால் தலைகால் புரியாத சந்தோஷம். இருபது நாள் காணாமல் போகிற அப்பா தினமும் சாயங்காலம் வீட்டில் இருந்தார். ஒருநாள் குடும்ப ஜெபத்தில் ஆளுக்கொரு மன்றாட்டு சொன்னபோது, என் முறை வந்ததும் சத்தமாகவே சொன்னேன்: "அப்பாவ இனி கடலுக்குப் போகாம வச்சதுக்கு நன்றி மாதாவே."

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாதான் "ஆமென்" என்றார்.