முத்துமீனா எடுத்த முப்பத்துமூன்று நொடி

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கல்யாண வீடியோ எடிட்டிங் கடை வைத்திருக்கிறேன். போன புரட்டாசியில் முத்துமீனா வந்தார். முப்பத்தைந்து வயசிருக்கும். அலங்காநல்லூர் பக்கம் ஊர். திருப்பூர் பனியன் கம்பெனியில் துணியில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்த்துக் கழித்தவர், இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறார்.

போனை நீட்டினார். "அண்ணே, எங்க கம்மாக்கரையில ஓட்டை விழுந்து தண்ணி கசியுது. தல்லாகுளம் பொதுப்பணித்துறை ஆபீசுல காட்டினேன். ஒண்ணும் தெரியலம்மான்னு அனுப்பிட்டாக."

எனக்கும் தெரியவில்லை. போனை நெட்டுக்குத்தாகப் பிடித்து நடந்துகொண்டே எடுத்திருந்தார். வெயில் எதிரே, கண்மாய்க் கரை ஒரே கறுப்பு. அவர் பேசியது காற்று இரைச்சலில் கேட்கவே இல்லை.

"போனைப் படுக்கவச்சுப் பிடிங்க. நடக்காம நின்னு பத்து எண்ணுங்க. வெயில் உங்க முதுகுல விழணும். லென்ஸைத் துடைச்சுக்கங்க" என்றேன். வேலை அவசரத்தில் சொன்னது. அத்தோடு மறந்தும் போனேன்.

பன்னிரண்டு நாள் கழித்து வந்தார். போனில் பதினோரு வீடியோ, ஒரு நாளுக்கு ஒன்று.

"ஒவ்வொண்ணுலயும் மூணு நொடி மட்டும் எடுத்து ஒட்டுங்கண்ணே."

ஒட்டி ஓடவிட்டேன்.

ஒரே கரை, ஒரே கோணம், ஒரே வெளிச்சம். ஓட்டைக்கு மேலே ஓர் அருவாள் குத்தி நின்றது. முதல் நாள் ஓட்டை எலுமிச்சம்பழம் அளவு. நாள் மாற மாற, கண்ணெதிரே அது வாய் பிளந்துகொண்டே வந்தது. பதினோராம் நாள் அருவாளைக் காணோம். மண்ணோடு போயிருந்தது.

"எப்படிம்மா இம்புட்டு அசையாம எடுத்தீங்க?"

"எதிர்த்தாப்புல வேலமரக் கவட்டையில போனைக் கட்டினேன். வச்ச எடத்துல சுண்ணாம்பு அடையாளம். தினம் காலையில ஏழு மணி."

"அருவாள் எதுக்கு?"

"ஓட்டை எம்புட்டுப் பெருசுன்னு ஆபீசருக்கு வெளங்கணும்ல."

இதில் எதையும் நான் சொல்லித்தரவில்லை. பின்னணிக்கு இசை தேடினேன், தடுத்துவிட்டார். "பாட்டு வேணாம். பத்து நாளுக்கும் சத்தத்தை எடுத்துருங்க. கடைசி நாளுக்கு மட்டும் தண்ணிச் சத்தம் கேக்கட்டும்."

அவர் சொன்னபடியே செய்து போனில் ஏற்றிக் கொடுத்தேன். கடையைப் பூட்டிவிட்டு நானும் தல்லாகுளம் ஆபீசுக்கு வண்டியில் கூடவே போனேன். அதிகாரி சாய்ந்து உட்கார்ந்தபடிதான் போனை வாங்கினார். சத்தமில்லாமல் பத்துக் காட்சி ஓடியது. பதினொன்றாவதில் தண்ணீர் இரைந்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"இது இன்னைக்கு எடுத்ததாம்மா?"

"காலையில எடுத்தது சார்."

அன்று மத்தியானமே மணல் மூட்டை லாரி போனது. முத்துமீனாவும் மூட்டை சுமந்தார்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. மனசு கேட்காமல் போன் அடித்தேன்.

"கம்மா நெறஞ்சிருச்சுண்ணே. கரை அப்படியே நிக்குது. நடவுக்குப் போறேன், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.