பத்தடி தூர வானொலி

நாற்பத்தாறு வயதில் நான் வாங்கிய முதல் கார், எங்கள் பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆசிரியை ஒன்பது வருஷம் ஓட்டியது. சாம்பல் நிறத்தில் சின்ன வண்டி. ஏ.சி. வேலை செய்யாது என்பதை அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஸ்டீரியோவைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது கம்பெனியிலேயே பொருத்தி அனுப்பியது. டாஷ்போர்டோடு ஒன்றாக இழைந்திருக்கும். ரேடியோ பாடும், சி.டி. போட்டால் பாடும், அதோடு சரி. வெளியிலிருந்து எதையாவது சொருக ஒரு துளை கிடையாது. புளூடூத் என்ற சொல்லையே அது கேள்விப்பட்டிருக்காது.

என்னிடம் சி.டி. ஒன்றுகூட இல்லை. இருந்ததெல்லாம் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு எம்.பி.த்ரீ பிளேயர். என் தங்கை தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது. இத்தனை வருஷத்தில் அதன் ஓரமெல்லாம் தேய்ந்து வெளுத்துவிட்டது, ஆனால் ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. சர்ச் பாடகர் குழுவின் ஒத்திகைகள், அம்மாவுக்குப் பிடித்த கீர்த்தனைகள், பரீட்சைத் தாள் திருத்தும்போது தூக்கம் வராமலிருக்க நான் போட்டுக்கொள்ளும் குத்துப் பாட்டுகள் எல்லாம் ஒரே வரிசையில் அதில் கிடந்தன. போனில் கேட்டால் என்ன என்று எல்லாரும் கேட்பார்கள். கணக்கு டீச்சரின் போனில் பாட்டு ஒரு சரணம் தாண்டாது. அதற்குள் ஏதாவது ஒரு அப்பாவோ அம்மாவோ கூப்பிட்டு மார்க் விசாரிப்பார்கள்.

கூடுவாஞ்சேரியில் சித்தி மகன் வீடு கட்டி முடித்தான். மூன்று வாரம் கழித்துச் சனிக்கிழமை பிரதிஷ்டை, எங்கள் வழக்கத்தில் புதுமனை புகுவிழா. போதகர் வந்து ஜெபம் செய்வார், நானும் தங்கையும் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று சித்தி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். பாட்டுக்கான இசையை மட்டும் எங்கள் குழுவின் கீபோர்டுக்காரர் வாசித்துப் பதிவு செய்து, பிளேயரில் ஏற்றித் தந்தார். ஆனால் ஒத்திகைக்கு நேரமில்லை. தங்கைக்கு வங்கியில் வேலை, எனக்குத் தேர்வுக் காலம். போகிற வழியில் காரிலேயே பாடிப் பார்த்துக்கொள்வோம் என்றாள் அவள். அப்படித்தான் அந்தப் பிளேயரை இந்த ஸ்டீரியோவோடு சேர்த்துவைக்கும் வேலை தொடங்கியது.

மேற்குத் தாம்பரத்தில் கார் அலங்காரச் சாமான் விற்கும் கடைக்காரர், பழைய செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு டச் ஸ்கிரீன் மாட்டலாம் என்றார். டாஷ்போர்டைக் கொஞ்சம் அறுக்க வேண்டிவருமாம். முதல் காரை வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் அதை அறுக்க எனக்கு மனசு வரவில்லை. அடுத்த ஞாயிறு, செம்பாக்கத்தில் தங்கை வீட்டு வாசலில் காரை நிறுத்தி நாங்களே ஸ்டீரியோவின் முகப்பைக் கழற்றப் பார்த்தோம். வீடியோவில் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் பட்டையை இடுக்கில் விட்டு நெம்பினார். எங்களிடம் அது இல்லாததால் தங்கை தோசைத் திருப்பியை எடுத்துவந்தாள். முகப்பு கழன்றது. அதோடு ஒரு கிளிப்பும் தெறித்து எதிர்வீட்டுத் துளசிச் செடிக்குள் போய் விழுந்தது. பின்பக்கம் ஒரு துளை இருக்கத்தான் செய்தது. ஆனால் அது சி.டி.க்களை மாற்றும் ஏதோ ஒரு பெட்டிக்கானது. அதற்கென்று ஆன்லைனில் வரவழைத்த ஒயரின் முனை சதுரம், துளையோ நீளவாக்கில் இருந்தது. முகப்பைப் பழையபடி அழுத்தி மாட்டினோம். ஒரு மூலை மட்டும் உட்காரவே இல்லை.

கடைசியில் வழி சொன்னவர், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் போன் உறை விற்பவர். விரல் நீளத்துக்கு ஒரு கருவியைக் காட்டி அதன் பெயர் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் என்றார். காரில் சிகரெட் பற்றவைக்கும் துளையில் அதைச் சொருக வேண்டும், அதன் ஒயரைப் பிளேயரில் மாட்ட வேண்டும். பிளேயரில் ஓடுவதை அது ஒரு குட்டி வானொலி நிலையம் மாதிரி ஒலிபரப்பும். கருவியில் காட்டும் எண்ணைக் கார் ரேடியோவில் வைத்தால் பாட்டு வந்துவிடும். எவ்வளவு தூரம் கேட்கும் என்று தங்கை கேட்டாள். பத்தடி, மிஞ்சிப் போனால் பதினைந்து என்றார்.

செம்பாக்கம் ஏரிக்கரையோரம் காரை நிறுத்தி, ஒயரை மாட்டி, எண்ணை ஒத்துவைத்து, பிளேயரை அழுத்தினேன். முதலில் இரைச்சல். அப்புறம், ஒன்பது வருஷமாக வெளியிலிருந்து வந்த எதற்கும் வாய் திறந்து கொடுக்காத அந்த ஸ்டீரியோவிலிருந்து எங்கள் கீபோர்டுக்காரரின் முன்னிசை வந்தது. நான் ஸ்டியரிங்கைத் தட்டினேன். தட்டியது ஹாரன்மீது பட்டு, கரையில் நடந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கை சிரித்துச் சிரித்து இருக்கையிலிருந்து சரிந்துபோய்க் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பாட்டை மூன்று தடவை போட்டுக் கேட்டோம். பாடத்தான் மறந்துபோனோம்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். தொடர் விடுமுறை. ஊருக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில்தான் இருந்தார்கள். பெருங்களத்தூரை நெருங்கும்போது ஸ்டீரியோவில் இரைச்சல் கலந்தது. தங்கை கருவியின் பொத்தானை அழுத்தி அழுத்தி எண்ணை மாற்றினாள், நான் அதே எண்ணை ரேடியோவில் வைத்தேன். ஓரிடத்தில் கண்ணாடி மாதிரித் தெளிவாகக் கேட்டது. நல்ல இடம் கிடைத்தது என்று அங்கேயே நிறுத்திக்கொண்டோம். அந்த இடம் ஏற்கெனவே வேறொரு வானொலி நிலையத்துடையது என்பது எங்களுக்குத் தெரியாது.

கொஞ்ச தூரத்தில் போக்குவரத்து அடியோடு நின்றுவிட்டது. ஏ.சி. இல்லாததால் கண்ணாடிகளை இறக்கிவிட்டிருந்தோம். எப்படியும் நிற்கிறோம், பாடிப் பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தோம். தங்கைக்கு மேல்குரல், எனக்குக் கீழ்க்குரல். முதல் சரணம் முடிவதற்குள் இடப்பக்கம் நின்ற ஆட்டோவின் டிரைவர் இறங்கிப் பின்னால் போய், ஸ்பீக்கர் பெட்டியை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினார். காதைக் கொடுத்துக் கேட்டார். மறுபடி தட்டினார். பிறகு மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும், நரைத்த மீசை. எங்கள் ஜன்னலோரம் வந்து நின்றார்.

"யக்கா, அந்தப் பாட்ட ஒரு நிமிசம் நிறுத்து."

தங்கை நிறுத்தினாள். அவருடைய ஆட்டோவில் ஏதோ ஒரு விளம்பரம் சத்தமாகப் பேசியது.

"இப்போ போடு."

போட்டாள். விளம்பரம் மறைந்து, ஆட்டோவிலிருந்து எங்கள் கீபோர்டு கேட்டது.

"உங்க பாட்டுதான் என் வண்டில வந்துகினு கீது. நான் செட்டு பூட்ச்சின்னு அத்தப் போட்டு அடிச்சிகினு இருந்தேன்."

மன்னிப்புக் கேட்டு, இதோ மாற்றிவிடுகிறோம் என்று தங்கையின் கையைப் பிடித்துப் பொத்தானுக்குக் கொண்டுபோனேன். அவர் தடுத்தார்.

"இருக்கட்டுங்க்கா. வண்டி நகர்ற வரிக்கும் பாடுங்க. அவன் வெளம்பரந்தான் போட்டுகினு இருந்தான்."

சொல்லிவிட்டு, போய்த் தன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

என் காரின் இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று ஊமை. மற்றது கீச்சென்ற மேல்சத்தத்தை மட்டும் காட்டும். ஆட்டோவின் பெட்டியோ பெரியது, அடிநாதத்தை அப்படியே எடுத்துக் கொட்டியது. கீபோர்டுக்காரரின் இடது கை என்ன வாசித்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். கீழ்க்குரல் பாடுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள அதுதான் கம்பி. வீட்டில் தனியாகப் பாடிப் பார்க்கையில் இரண்டு வாரமாக எனக்குப் பிடிபடாமல் நழுவிக்கொண்டே இருந்த இடம், பெருங்களத்தூர் வெயிலில், டீசல் புகையில், தானாக வந்து உட்கார்ந்தது. தங்கை பாடிக்கொண்டே என் தொடையைக் கிள்ளினாள். அவள் மேலே போனாள், நான் கீழே நின்றேன், இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி சரியாகத் திறந்துகொண்டது. வலப்பக்கம் நின்ற வேனிலும் அதே ரேடியோதான் ஓடியிருக்க வேண்டும். அங்கிருந்தும் கீபோர்டு வர ஆரம்பித்தது. மூன்று வண்டியில் வாசிக்க, ஒரு வண்டியில் இரண்டு பெண்கள் பாடினோம். வேனுக்குள் யாரோ பாட்டி ஒருவர் கையை உயர்த்தித் தாளம் போட்டார்.

பாட்டு முடிந்ததும் டிரைவர் மறுபடி வந்தார். நன்றாக இருந்தது என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ரெண்டாவது தபா மேலே ஏறும் இடத்தில் பச்சைச் சேலை அக்கா லேட்டாக வருகிறார் என்றார். பச்சைச் சேலை நான்தான். அவர் சொன்னது முழுக்க உண்மை. அந்த இடத்தில் நான் எப்போதும் அரை மாத்திரை பின்தங்குவேன். பதினெட்டு வருஷமாகக் குழுத் தலைவர் அதற்குத்தான் என்னைத் திட்டிவருகிறார். மறுபடி போட்டோம். சரியாக எடுத்தேன். டிரைவர் ஹேண்டில்பாரைத் தட்டி, தலையை ஒரு பக்கமாக ஆட்டினார்.

வண்டிகள் நகரத் தொடங்கியபோது ஆட்டோ ஒரு சந்து கிடைத்து முன்னால் போனது, எங்கள் கீபோர்டும் அதோடு போய்விட்டது. டிரைவருக்கும் அது பிடிக்கவில்லை போலிருக்கிறது. வேகத்தைக் குறைத்து எங்களுக்குப் பக்கமாகவே வந்தார். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தும் கண்டுகொள்ளவில்லை. வண்டலூர் வரைக்கும் பத்தடிக்குள்ளேயே ஓடினோம். அங்கே கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, கேளம்பாக்கம் பக்கம் திரும்பிவிட்டார்.

கூடுவாஞ்சேரி போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் தாமதம். போதகரும் அதே நெரிசலில் மாட்டி எங்களுக்கு ஐந்து நிமிஷம் முன்தான் வந்திருந்தார் என்பதால் யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இன்னொரு சிக்கல் காத்திருந்தது. சித்தி மகன் பெருமையாகக் காட்டிய புது ஸ்பீக்கர் புளூடூத்தில் மட்டும்தான் பாடும். அதிலும் துளை இல்லை. எங்கள் பிளேயரைப் பார்த்து, இது என்ன அக்கா, மியூசியத்திலிருந்து எடுத்துவந்தீர்களா என்றான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கை மட்டும் பதறவில்லை.

"சித்தி, வீட்டுல ரேடியோ இருக்கா?"

இருந்தது. சித்தப்பா தினமும் செய்தி கேட்கும் ரேடியோ, முதல் நாளே வந்து சமையலறை அலமாரியில் உட்கார்ந்திருந்தது. அதைக் கூடத்து ஜன்னலில் வைத்தோம். நான் காரை ரிவர்ஸில் கொண்டுவந்து, மிச்சமிருந்த ஜல்லிக் குவியலை ஒட்டி, ஜன்னலுக்கு அடியிலேயே நிறுத்தினேன். எண்ணை ஒத்துவைத்ததும் ரேடியோ பாடியது. இனி யாராவது காரில் உட்கார்ந்து பிளேயரை அழுத்த வேண்டும். சித்தி மகனிடம் கொடுக்கத் தங்கைக்கு நம்பிக்கையில்லை. முன்னிசை இருபத்தைந்து விநாடி, நானே அழுத்திவிட்டு ஓடிவந்துவிடுகிறேன் என்றாள். சித்தப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண, பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை ஓடிப் பார்த்தாள். முதல் தடவை முப்பது விநாடி ஆனது. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடியபோது இருபத்திரண்டு.

போதகர் வேத வசனம் வாசித்து முடித்துத் தலையசைத்தார். தங்கை வெளியே போனாள். ஜன்னலில் கீபோர்டு எழுந்தது. படியில் திம் திம்மென்று காலடி கேட்டது, வந்து என் பக்கத்தில் நின்றாள், மூச்சிரைத்தது, முதல் வார்த்தையை எடுத்தாள். சுருதி ஒரு இழைகூட நகரவில்லை. நானும் மேலே ஏறும் இடத்தில் நேரத்துக்கு வந்து சேர்ந்தேன். சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். புது வீட்டுச் சுவர்கள் வெறுமையாக இருந்ததால் குரல் கொஞ்சம் கூடுதலாகவே முழங்கியது.

பாட்டு முடிந்தது. போதகர் ஆசீர்வாதம் சொல்லக் கையை உயர்த்தினார். எல்லாரும் தலை குனிந்தோம். பிளேயரோ அடுத்த பாட்டுக்குப் போனது. பரீட்சைத் தாள் திருத்தும்போது நான் கேட்கிற வரிசை. தவிலும் பறையும் சேர்ந்து ஜன்னலிலிருந்து கூடத்துக்குள் பாய்ந்தன. நானும் தங்கையும் ஒரே நேரத்தில் வாசலுக்குத் திரும்பி ஒருவர்மீது ஒருவர் மோதிக்கொண்டோம்.

"ஓடாதீங்கம்மா, தரை ஈரமா இருக்கு," என்றார் போதகர், உயர்த்திய கையை இறக்காமலே. "அது முடியட்டும். அப்புறம் ஜெபம் பண்ணலாம்."

முடிகிறவரை நின்றோம். சித்தப்பாவின் கட்டைவிரல் தாளம் போட்டது. சித்தி முதலில் உதட்டைக் கடித்தாள், பிறகு அடக்க முடியாமல் தோள் குலுங்கச் சிரித்தாள். அவளைப் பார்த்துக் கூடமே சிரித்தது. ஜன்னலில் இருந்த ரேடியோவை அணைத்தால் போதும் என்பது அங்கிருந்த முப்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அடுத்த பாட்டு ஆரம்பிக்கும்போது சித்தி மகன்தான் எட்டி அதன் காதைத் திருகினான்.

பிரியாணி சாப்பிட்டு, மாடி பார்த்து, மொட்டை மாடியிலிருந்து ரயில் பார்த்துவிட்டு, நான்கு மணிக்குக் கிளம்பினோம். கார் கிளம்பவில்லை. சாவியை ஆனிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறோம். பிளேயர் அத்தனை நேரமும் தனியாகப் பாடித் தீர்த்திருக்கிறது, வண்டி பேட்டரியும் தீர்ந்துவிட்டது. போதகர் உட்பட ஆறு பேர் தள்ளினார்கள். அந்த லேஅவுட்டின் சாலை லேசான இறக்கம். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் எஞ்சின் உறுமியது, கூடவே ஸ்டீரியோவும், வரிசை சுற்றி மறுபடி வந்திருந்த எங்கள் பாட்டை உச்சக் குரலில் பிடித்துக்கொண்டது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடுமோ என்று பயந்து மெதுவாக ஓட்டிக்கொண்டே இருந்தேன். பின்னால் தள்ளிக்கொண்டிருந்த தங்கை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஓடிவந்து, கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். ஏறிய மூச்சோடு மேல்குரலையும் எடுத்தாள்.