யாரும் கத்தாத நான்கு மணி நேரம்

என் அண்ணிக்கு அலுவலகத்தில் ‘கத்திரி’ என்று பெயர். மருத்துவமனைகளுக்குக் கணினி வேலை பார்த்துத் தரும் சிறிய கம்பெனி அது. அங்கே அண்ணியின் வேலை, டோக்கன்களை வெட்டுவது. டோக்கன் என்றால் ஒரு நிரல் இன்னொரு நிரலோடு பேசுவதற்குக் கொடுக்கும் அனுமதி. நாற்பது எழுத்துதான் இருக்கும். ஆனால் அது யார் கையில் கிடைத்தாலும் உள்ளே நுழைந்துவிடலாம். அதனால் வேண்டாததை ரத்து செய்துகொண்டே இருக்க வேண்டும்.

முன்பு அண்ணி அதைக் கையால்தான் செய்தார். ஒருமுறை தவறான ஒன்றை வெட்டிவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகுதான் தானாக இயங்கும் கருவி ஒன்றை எழுதினார். டோக்கனின் சொந்தக்காரருக்கு அது மூன்று வாரத்தில் மூன்று கடிதம் அனுப்பும். பதில் வராவிட்டால் காலை பத்து மணிக்கு டோக்கனை நிறுத்தி மட்டும் வைக்கும். இரண்டு மணிக்குத்தான் அழிக்கும்.

“நடுவுல யாருக்காவது வேலை நின்னுச்சுன்னா போன் போட்டுக் கத்துவாங்க. அந்தக் கத்தலுக்காகத்தான் நாலு மணி நேரம்” என்று எனக்கு விளக்கினார். இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இருக்கவே முடியாது என்று அப்போது நினைத்தேன்.

அந்தப் புதன்கிழமை அண்ணி வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். கருவி பதினொரு டோக்கன்களை நிறுத்தியிருந்தது. பதினொன்றரைக்குள் இரண்டு பேர் கத்திவிட்டார்கள். ஓர் ஆய்வகக்காரர் போட்ட சத்தம் அடுத்த அறையிலிருந்த எனக்கே கேட்டது. அண்ணி சிரித்துக்கொண்டே இரண்டையும் திறந்துவிட்டார். மீதி ஒன்பது.

ஒன்றரை மணிக்கு அம்மா சாப்பிட வந்தாள். அடுத்த தெருவில் இருக்கும் குழந்தைகள் மருத்துவமனையில் அம்மா நர்ஸ். அங்கும் கணினி வேலை அண்ணியின் கம்பெனியுடையதுதான். தடுப்பூசி வைக்கும் குளிர் அறை அவள் பொறுப்பு.

“அந்தப் பொட்டியை மூடிட்டு வந்து சாப்பிடும்மா. இன்னைக்கு எத்தனை பேர் கழுத்தை அறுத்த?”

“பதினொண்ணு, அத்தை. ரெண்டு பொழைச்சுக்கிச்சு.”

அம்மா தன் போனை மேசைமேல் வைத்துத் தட்டிக் கொடுத்தாள். “இதுவும் இன்னைக்குத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கு. மணிக்கு ஒரு தடவை கத்தி, ரூம் நாலு டிகிரி, நாலு டிகிரின்னு உசுரை வாங்கும். பெத்த மகன்கூட என்னை இத்தனை தடவை கூப்பிட்டதில்லை. பத்து மணியிலேர்ந்து சத்தமே இல்லை. நிம்மதியா இருக்கு.”

சாப்பிட உட்கார்ந்திருந்த அண்ணியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“எத்தனை மணியிலேர்ந்து, அத்தை?”

“பத்து. ஏன்டீம்மா?”

கையைக்கூடக் கழுவாமல் எழுந்து ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். மணி ஒன்று நாற்பத்தாறு. திரையில் ஒன்பது பெயர்கள் இருந்தன. அவற்றில் எது குளிர் அறையினுடையது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ‘பழைய ஏழு’ என்று ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரர் வேலையை விட்டுப் போய் ஐந்து வருடமாகிறது. மூன்று கடிதமும் அவருக்குத்தான் போயிருக்கின்றன. அண்ணி யோசிக்கவில்லை, ஒன்பதையும் திறந்துவிட்டார்.

அரை நிமிடத்தில் அம்மாவின் போன் கத்தியது. அம்மா உரக்கப் படித்தாள்: “ரூம் ஒன்பது டிகிரி. கதவு திறந்துள்ளது.”

படித்து முடித்தவள் அப்படியே வெளிறிப்போனாள். “எட்டைத் தாண்டவே கூடாதே!” என்றபடி செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினாள். நானும் கூடவே ஓடினேன்.

குளிர் அறையின் கதவிடுக்கில் ஓர் அட்டைப்பெட்டி சிக்கியிருந்தது. கீழ்த்தட்டுகளின் வெப்பமானி ஆறுதான் காட்டியது. மேல்தட்டு மருந்து முழுவதையும் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். மறுநாள் ஊசிக்கு வர இருந்த முப்பது குழந்தைகளின் வீட்டுக்கு அம்மாவே போன் செய்து, இன்னொரு நாள் வரச் சொன்னாள்.

நாங்கள் திரும்பியபோது அண்ணி அதே நாற்காலியில் இருந்தார். விரலில் சாப்பாடு காய்ந்து ஒட்டியிருந்தது.

“யாராவது கத்துவாங்கன்னு காத்துட்டு இருந்தேன், அத்தை. கத்துறதுக்குன்னே இருந்ததோட வாயையே கட்டிட்டேன். அது எப்படிக் கத்தும்?”

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, “கதவைச் சரியா மூடாதது நாங்க. உங்க ஆபீசுல சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லு” என்றாள்.

அண்ணி தானாகவே மேனேஜருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். “அழிக்கலையே, நிறுத்தித்தானே வெச்சிருந்தே? அழிச்சிருந்தா குளிர் ரூம்ல சூடு பார்க்கிற பொட்டிக்கு ஆள் வந்து புது டோக்கன் போடச் சாயங்காலம் ஆயிருக்கும். எல்லாத் தட்டும் போயிருக்கும்” என்றார் அவர். அண்ணி சமாதானமாகவில்லை.

இப்போது கருவி முதலில் வேறொன்றைப் பார்க்கிறது: இந்த டோக்கன் கடைசியாக எப்போது பேசியது? போன மாதம்வரை பேசியிருந்தால் கடிதம் மட்டும் அனுப்பும், பதில் வராவிட்டாலும் அதை நிறுத்தாது. அதன் சொந்தக்காரரை அண்ணியே நேரில் போய்த் தேடுகிறார். குளிர் அறையினுடையது ‘பழைய ஏழு’தான்; அதற்குச் சொந்தக்காரர் இப்போது அம்மா.

நேற்று அம்மாவுக்குக் கருவியின் முதல் கடிதம் போயிருந்தது: ‘இந்த டோக்கன் இன்னும் தேவையா?’ உடனே அண்ணிக்கு அம்மாவின் போன் வந்தது. “வேணும்! வேணும்! கைய வெச்சே, வீட்டுக்குள்ள விடமாட்டேன்!”

அண்ணி சிரிக்கவில்லை. அம்மா கத்தி முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவுமில்லை.